மீட்டரில் 2,80,000 கிலோமீட்டர்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

வாசகி ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு அவரும் கணவரும் கேரவனை (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) இழுத்துக்கொண்டு ஒரு வருடம் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். கேரவன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. காலியாக 1,950 கிலோ. தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றி எடை மேடையில் நிறுத்தியபோது 2,400 கிலோ. (இதைச் செய்துவிட்டு எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. பாராட்டுகள்.) இழுப்பதற்கு ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வேண்டும். புது வண்டிக்குக் கையில் பணம் போதாது. ஒரே மாடலில் இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் 3 லிட்டர் டர்போ டீசல், ஆட்டோமேட்டிக் கியர்.

முதல் வண்டி 2,80,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கிய நாளிலிருந்து ஒரே உரிமையாளர். சர்வீஸ் பில்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. அவரும் கேரவன் இழுத்தவர், பெரும்பாலும் நெடுஞ்சாலையில். இரண்டாவது வண்டியின் மீட்டரில் 1,60,000. மூன்று கை மாறியது, நகரத்துக்குள்ளேயே ஓடியது, பில் ஒன்றுகூட இல்லை. ஆனால் உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், வின்ச், கூரைமேல் கூடாரம், உள்ளே இழுப்பறைகளும் ஃப்ரிட்ஜும், பவர் கூட்டும் சிப் என்று கண்ணைப் பறிக்கிறது.

"டீசல் இன்ஜினுக்கு 5 லட்சம் கிலோமீட்டர் எல்லாம் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் குறைவாக ஓடியதை எடு, சாமானெல்லாம் சும்மா வருகிறது" என்கிறார் வாசகியின் அண்ணன். கணவருக்கு முதல் வண்டிமேல் ஆசை, ஆனால் மீட்டரைப் பார்த்தால் பயம். வாசகி கேட்பது நான்கு: எதை வாங்குவது? 3,000 கிலோ இழுக்கும் என்று கையேட்டில் இருக்கும்போது 2,400 கிலோவுக்குக் கவலை வேண்டாம்தானே? பின்னால் பழுது வந்தால் விற்றவரைப் பிடிக்க முடியுமா? மழையில் நெடுஞ்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

டீசல் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதும், வாங்கப்போகிறவர்களுக்காகப் போய்ப் பார்த்துச் சொல்வதும் என் தொழில். உங்கள் கடிதத்தில் பயம் எல்லாம் மீட்டர்மேல் இருக்கிறது. எடைமேல் பயமே இல்லை. என் அனுபவத்தில் இழுவை வண்டிகளை அழித்தவை எடை, சூடு, தூசி. மூன்றையும் மீட்டர் காட்டாது.

மீட்டர் சொல்வது பாதிக் கதை

இன்ஜின் தேய்வதை மணிக்கணக்கில் பார்ப்பதுதான் சரி. ஜெனரேட்டருக்கும் டிராக்டருக்கும் அப்படித்தானே பார்க்கிறோம்? முதல் வண்டி நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடியிருந்தால், 2,80,000 கிலோமீட்டருக்குச் சுமார் 4,700 மணி நேரம் ஆகிறது. இரண்டாவது நகர நெரிசலில் சராசரி 25 கிலோமீட்டரில் ஊர்ந்திருந்தால், 1,60,000 கிலோமீட்டருக்கு 6,400 மணி நேரம். சிக்னலில் நிற்கும்போதும் இன்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், மீட்டர்தான் நின்றுவிடும்.

இன்னொன்று. 17 அங்குலச் சக்கரத்தில் 265/65 டயர் இருந்த இடத்தில் 285/70 போட்டால் டயரின் குறுக்களவு 7 சதவீதம் கூடுகிறது. மீட்டரைத் திருத்தாவிட்டால் ஓடியதைவிட அது குறைவாகக் காட்டும். ஆரம்பத்திலிருந்தே பெரிய டயர் என்றால் 1,60,000 என்பது உண்மையில் 1,71,000. யாரும் திருப்பாமலே மீட்டர் பொய் சொல்லும் வழி இது. யாராவது திருப்பியிருக்கவும் கூடும். பில்லே இல்லாத வண்டியில் அதை எதை வைத்துச் சரிபார்ப்பது? பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அதற்காக முதல் வண்டி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லவில்லை. டீசல் இன்ஜினுக்கு 5 லட்சம் ஒன்றுமில்லை என்று உங்கள் அண்ணன் சொல்வது பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்துப் பேச்சு. அந்த இன்ஜின்கள் மெதுவாக ஓடின, அழுத்தம் குறைவு, அழுக்கு டீசலையும் ஓரளவு சகித்துக்கொண்டன. உங்கள் மாடலில் இருப்பது காமன் ரெயில். இதில் டீசல் 1,600 பார், சிலவற்றில் 2,000 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு (டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் கருவி) போகிறது. துளி தண்ணீரோ நுண்ணிய தூசியோ போதும், இன்ஜெக்டர் வீணாகிவிடும். இன்ஜின் பிளாக் 5 லட்சம் தாங்கினாலும், அதைச் சுற்றியிருக்கும் இன்ஜெக்டர், டர்போ, ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், ரப்பர் புஷ், வீல் பேரிங் எல்லாம் 2,80,000-இல் ஆயுளின் பின்பாதியில்தான் இருக்கும். ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்களா என்பதைத்தான் ஃபைலில் தேட வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அந்தப் பில் முக்கியம். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் கேரவன் பயணம் இல்லை.

3,000 என்ற எண்ணுக்குப் பின்னால்

இழுவைத் திறன் 3,000 என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிட்டீர்கள். நீங்களே கையேட்டிலிருந்து எழுதி அனுப்பிய மற்ற எண்களையும் பாருங்கள். காலி வண்டி 2,250 கிலோ. வண்டியின் மொத்த எடை வரம்பு 2,950. வண்டியும் கேரவனும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு 5,450. இந்த மூன்றையும் வைத்துக் கழித்துப் பார்த்தால், 3,000 கிலோவை இழுக்கும்போது வண்டிக்கு மிஞ்சுவது 2,450. அதாவது உள்ளே 200 கிலோ. இரண்டு பேர் ஏறியதும் 50 கிலோதான் பாக்கி. விளம்பரத்தில் வரும் எண் அப்படிப்பட்டது.

உங்களுடையது 2,400 என்பதால் கூட்டு வரம்பு தொந்தரவு செய்யாது. கழுத்தைப் பிடிப்பது வண்டியின் சொந்த வரம்பு. கேரவனின் முனை வண்டியின் கொக்கிமேல் அழுத்துகிறது அல்லவா, அது கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இருப்பது வழக்கம். உங்களுக்கு 240 கிலோ. அதற்கு மிகவும் குறைந்தால் கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும், ஆகவே பின்னால் சாமான் ஏற்றி அதைக் குறைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த 240 கிலோவும் வண்டி சுமக்கும் எடையில் சேர்த்தி. 2,950-இல் 2,250 போனால் 700. அதில் 240 போனால் 460. ஆட்கள், பெட்டி, ஃப்ரிட்ஜ், கருவிகள் எல்லாம் இந்த 460-க்குள் அடங்க வேண்டும்.

முதல் வண்டியில் நீங்கள் இருவரும் 150, ஃப்ரிட்ஜ் 40, கருவிகளும் உதிரிகளும் 60, துணிமணி இத்யாதி 80. மொத்தம் 330. இன்னும் 130 கிலோ கையிருப்பு. இரண்டாவதில் பம்பரும் வின்ச்சும் 90, கூரைக் கூடாரமும் அதைத் தாங்கும் சட்டமும் 90, இழுப்பறையும் ஃப்ரிட்ஜும் 110, இரண்டாவது பேட்டரி 30, கூடுதல் ஸ்டெப்னி 35, கருவிகள் 60, நீங்கள் 150. மொத்தம் 565. ஒரு துணிப்பை வைப்பதற்கு முன்பே வரம்பைத் தாண்டி 105 கிலோ. (பம்பர், கூடாரம் போன்றவற்றுக்கு நான் போட்டது வழக்கமாக வரும் எடை. எடை மேடை சில கிலோ முன்பின் சொல்லும்.) சும்மா வருகிறது என்று அண்ணன் சொன்ன சாமான்கள் உங்கள் துணிப்பைக்கு இடம் விடவில்லை.

கொக்கி எடையில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அது பின் அச்சுக்குச் சுமார் 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுக்கும் நடுவே 2.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சீசா பலகை ஆடுவதுபோல் பின் அச்சில் 240-க்குப் பதில் 343 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 103 கிலோ குறையும். முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் பிடிமானமும் முன் பிரேக்கின் வேலையும் குறையும். அதனால் பின் அச்சுக்கென்று தனியாக இருக்கும் வரம்பையும் கையேட்டில் பாருங்கள். பின் ஸ்பிரிங் தொங்குகிறதே என்று காற்றுப்பை போட்டு நிமிர்த்தினால் வண்டி நிமிரும், அச்சில் ஏறிய எடை அப்படியே இருக்கும்.

இரண்டாவது வண்டியில் எனக்குப் பிடிக்காதது

எல்லாவற்றையும்விட அந்த சிப். கூடுதல் டீசலை ஊற்றித்தான் அது பவரைக் கூட்டுகிறது. காலி வண்டியில் இரண்டு நிமிடம் முந்திச் செல்லும்போது ஒன்றும் ஆகாது. 2,400 கிலோவை இழுத்துக்கொண்டு நீண்ட ஏற்றம் ஏறும்போது புகைபோக்கிச் சூடு எகிறும், பிஸ்டனும் டர்போவும் வேகும், கியர்பாக்ஸ் திணறும். பெரிய டயர் போட்டால் கியர் விகிதமும் கெடுகிறது. கியர்பாக்ஸ் அடிக்கடி கீழே இறங்கும், இல்லையென்றால் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) பூட்டிக்கொள்ளாமல் வழுக்கி எண்ணெயைக் காய்ச்சும்.

உயர்த்திய சஸ்பென்ஷனும் பெரிய டயரும் அனுமதி பெற்றுச் செய்தவையா என்று கேளுங்கள். பல நாடுகளில் அதற்குச் சான்று வேண்டும். புகை வடிகட்டியைக் கழற்றியிருந்தால் அதுவும் பல நாடுகளில் குற்றம். சொல்லாத மாற்றத்தையும் மீறிய எடையையும் காரணம் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. இழுக்கும் வண்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பார்க்கப் போகும் நாள்

முதல் வண்டியை வாங்கலாம் என்பது என் சாய்வு. வாங்குங்கள் என்று இன்னும் சொல்லவில்லை. கீழே உள்ளவற்றைத் தாண்டி வரட்டும்.

போனதும் பானட்மேல் கை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். வரும் நேரத்தை முன்னாலேயே சொல்லி, இன்ஜினைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் எனக்காகவே ஒரு வண்டி வாங்கினேன். போனபோது இன்ஜின் இளஞ்சூடாக இருந்தது. "இப்பதான் கழுவி நகர்த்தி வைத்தோம்" என்றார் விற்றவர். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வெள்ளைப் புகையோடு பத்து நிமிடம் இருமியது. இருமலைத்தான் நகர்த்தி வைத்திருக்கிறார்.

குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் தெளிவாக இருக்க வேண்டும். துருநிறம் என்றால் பராமரிப்பு இல்லை. இளஞ்சிவப்புக் குழம்பாக இருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிரூட்டி உடைந்து இரண்டும் கலந்துவிட்டன, கியர்பாக்ஸ் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் அது சூட்டில் வெந்திருக்கிறது. இழுத்த வண்டி என்று பயப்படுகிறீர்கள் அல்லவா, அந்தப் பயத்துக்கு விடை இங்கேதான். எண்ணெய் ஒழுங்காக மாற்றியிருந்தால், தனிக் குளிரூட்டி பொருத்தியிருந்தால், இழுத்தது ஒரு குறையே இல்லை.

பிறகு ஏர் ஃபில்டர் பெட்டி. ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினை நோக்கிப் போகும் குழாய்க்குள், விரலை விட்டுத் தடவுங்கள். எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருக்கலாம். மண் இருந்தால் இன்ஜின் தூசி தின்றிருக்கிறது. வளையமும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும், மீட்டர் எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

இன்ஜினைப் போட்டு ஆயில் மூடியைத் தளர்த்தி மேலேயே வையுங்கள். லேசாக நடுங்கலாம், குதித்துப் புகை குபுகுபுவென்று தள்ளினால் காற்று அழுத்தம் கீழே கசிகிறது. இன்ஜெக்டர்களின் அடியில் தார் போலக் கறுப்புக் கட்டி இருந்தால் சீல் கசிகிறது. இதை அலட்சியமாக விடக்கூடாது. சில இன்ஜின்களில் இந்தக் கரி ஆயிலில் கலந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்து, இன்ஜினையே சாகடித்திருக்கிறது.

வண்டிக்கு அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சிறு சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற சத்தம் துருப்பிடித்த இடத்தில் மொத்தென்று மாறும். கடற்கரையில் ஓடிய வண்டி, படகை நீரில் இறக்கிய வண்டி என்றால் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். கொக்கி பொருத்திய இடத்தைச் சுற்றி விரிசலும் வெல்டிங்கும் இருக்கக்கூடாது. டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் கியர்) எண்ணெய் பால்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஓட்டிப் பார்ப்பது ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், நீண்ட ஏற்றத்தோடு. முடிந்தால் உங்கள் கேரவனையே மாட்டிப் பாருங்கள். ஸ்கேனர் மாட்டினால் கூலன்ட் சூடும், பல வண்டிகளில் கியர்பாக்ஸ் சூடும் தெரியும். ஏற்றத்தில் கியர்பாக்ஸ் 120 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் எண்ணெய் வேகமாகக் கெடுகிறது.

நீங்களாகச் செய்ய முடியாதவை இரண்டு: இன்ஜெக்டர் கசிவுச் சோதனையும் ஆயில் ஆய்வும். விற்பவருக்குத் தொடர்பில்லாத டீசல் மெக்கானிக்கிடம் முதலாவதைச் செய்யுங்கள். இரண்டாவதற்கு, சில ஆயிரம் கிலோமீட்டராவது ஓடிய ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரும்பும் ஈயமும் தேய்வைச் சொல்லும், சிலிக்கான் தூசியைச் சொல்லும், சோடியமும் பொட்டாசியமும் கூலன்ட் கசிவைச் சொல்லும். நேற்று மாற்றிய ஆயில் ஒன்றும் சொல்லாது, அதனால் விற்பனைக்கு முன் சர்வீஸ் செய்து தருகிறேன் என்று சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

விற்றவரைப் பிடிக்க முடியுமா?

தனிநபர் விற்பனையில் பெரும்பாலும் முடியாது. பார்த்து, திருப்தியடைந்து, இருக்கிற நிலையில் வாங்கினீர்கள் என்றுதான் கொள்ளப்படும். தெரிந்தே பொய் சொன்னார் என்று நிரூபிக்க முடிந்தால் கதை வேறு, ஆனால் வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம். எனவே மீட்டர் எண், விபத்து இல்லை என்பது, கடன் பாக்கி இல்லை என்பது மூன்றையும் விற்பனைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடன் பாக்கியைப் பதிவேட்டிலும் தனியாகப் பாருங்கள். பல இடங்களில் கடன் வண்டியோடு சேர்ந்தே வரும். விற்பனையாளர் நிறுவனத்திடம் வாங்கினால் சில நாடுகளில் சட்டப்படி உத்தரவாதம் உண்டு. ஆனால் வண்டியின் வயதும் கிலோமீட்டரும் வரம்பைத் தாண்டினால் அது பொருந்தாமல் போகலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைக்கே சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு வைத்திருக்கும் மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை வண்டி விலைக்கு வெளியே வையுங்கள். வந்த மாதமே எல்லா எண்ணெயும், கூலன்டும், பிரேக் ஆயிலும், டீசல் ஃபில்டரும், பெல்ட்களும், ஹோஸ்களும் மாற்ற அது போகும். ரேடியேட்டர் தொழிற்சாலையில் போட்டதே என்றால் கசிவதற்குக் காத்திருக்காமல் மாற்றுவேன். கேரவனின் மின் பிரேக்கை இயக்கும் கருவி வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒரு வருடப் பயணத்துக்கு முன் மூன்று நான்கு வாரக்கடைசிகள், முழுச் சாமானோடு, திரும்பி வரக்கூடிய தூரத்தில்.

சோதனையில் முதல் வண்டி தோற்றால் இரண்டாவதுக்கு ஓடாதீர்கள். மூன்றாவது ஒன்றைத் தேடுங்கள். பயணத் தேதி நெருங்குகிறது என்ற அவசரத்தில் எடுத்த முடிவுகளை என் பட்டறையில் நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைசிக் கேள்வி. உங்கள் மாடலில் இருப்பது லீவரால் போடும் பகுதிநேர ஃபோர் வீல். அதில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கித் தீர்ந்துவிடும், தாரில் தீராமல் கியர்களுக்குள் முறுக்கேறும். ஆகவே மழையானாலும் தார்ச் சாலையில் போட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். ஆனால் வாங்கும் முன் ஒரு மண் தரையில் நிறுத்தி, குறைவேக நான்கு சக்கர நிலைவரை போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத லீவர் துருப்பிடித்து இறுகியிருக்கும். டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதா என்பதோடு நிற்காமல், ஒருவர் வெளியே நின்று முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கின்றனவா என்று பார்க்கட்டும்.